ஒன்பது மா நெல்லுக்கு டீசல் எஞ்சின் வாங்கலாமா, வாடகையே போதுமா?

கேட்டவர் கும்பகோணம் பக்கம். ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நெல் வயல். அப்பா காலத்தில் இறக்கிய 40 அடி ஃபில்டர் பாயிண்ட், அதாவது ஆழமில்லாத குழாய்க்கிணறு இருக்கிறது, மின் இணைப்பு இல்லை. இலவச மின்சாரத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். 5 எச்.பி. டீசல் எஞ்சின் பம்போடு 45,000 ரூபாய் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். இப்போதைக்கு வாடகை எஞ்சின், டீசலோடு மணிக்கு 250 ரூபாய். தண்ணீர்ச் செலவு நீங்கலாக ஏக்கருக்கு 33,000 ரூபாய் ஆகிறது என்கிறார். சொந்தமாக வாங்குவதா, வாடகையிலேயே ஓட்டுவதா, சோலாருக்குப் போவதா என்பது கேள்வி.

முதலில் 45,000 என்ற எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பம்ப் விஷயத்தில் எல்லோரும் விலையில்தான் ஆரம்பிக்கிறார்கள். கணக்கு அங்கே இல்லை, வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டப் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள, ஒரு ஏக்கருக்கு ஒரு தடவை தண்ணீர் கட்ட எத்தனை மணி நேரம் ஆகிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

நெல்லுக்கு ஒரு பாய்ச்சல் என்றால் சுமார் இரண்டு அங்குலம், 5 சென்டிமீட்டர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். பெருக்கினால் 2 லட்சம் லிட்டர். இனி உங்கள் பம்ப் நொடிக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். 200 லிட்டர் டிரம் ஒன்று, செல்போனில் ஸ்டாப்வாட்ச், கூட ஒரு ஆள். எஞ்சின் சீராக ஓட ஆரம்பித்து ஐந்து நிமிடம் கழித்து ஓஸை டிரம்முக்குள் விடுங்கள். 14, 15 நொடியில் டிரம் வழிந்தால் நொடிக்கு ஏறக்குறைய 14 லிட்டர், அதாவது ஏக்கருக்கு 4 மணி நேரம். 20 நொடி ஆனால் நொடிக்கு 10 லிட்டர்தான், ஏக்கருக்கு ஐந்தரை மணி நேரம் ஆகிவிடும். வாடகைக்காரருக்கு நீங்கள் கொடுப்பது மணிக்கு, தண்ணீருக்கு அல்ல. அந்த ஆறு நொடி வித்தியாசம் ஒன்பது மாவுக்கு ஒரு பாய்ச்சலுக்கு 1,200 ரூபாய். நான் பார்த்த வரையில் வாடகை எஞ்சினைப் பேரம் பேசுகிறவர்கள் மணிக்கு 20 ரூபாய் குறைக்க அரை மணி நேரம் வாதாடுவார்கள், டிரம்மை மட்டும் வைத்துப் பார்க்க மாட்டார்கள்.

சரி, நல்ல எஞ்சின், 14 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். சொந்த எஞ்சினில் மணிக்கு ஒரு லிட்டர் டீசல் குடிக்கும், 93 ரூபாய். ஆயில், கிளாண்டு கயிறு, வாஷர், எப்போதாவது வரும் பெரிய ரிப்பேர் எல்லாம் சேர்த்து 27 ரூபாய் போடுங்கள். மணிக்கு 120. வாடகையோடு ஒப்பிட்டால் மணிக்கு 130 ரூபாய் மிச்சம். எஞ்சினைப் பத்து வருடம் வைத்திருப்பீர்கள் என்றால் தேய்மானம் வருடத்துக்கு 4,500. போட்ட பணத்துக்கு வட்டி, சராசரியாகப் பாதி முதலுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் 2,250. ஆக 6,750 ரூபாய், எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடா வருடம் கையை விட்டுப் போகும். 6,750-ஐ 130-ஆல் வகுத்தால் 52. வருடத்துக்கு 52 மணி நேரத்துக்கு மேல் ஓடினால் சொந்தம் லாபம், அதற்குக் கீழே வாடகை லாபம். நகையை அடகு வைத்து வாங்கினால் வட்டியைக் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள், 52 இன்னும் மேலே போகும்.

உங்களுக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்பது மேட்டூர் அணையை எப்போது திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வழக்கமான திறப்பு ஜூன் 12, மூடுவது ஜனவரி 28 என்று எல்லோரும் சொல்கிறோம். நடந்தது என்ன? 2012 முதல் 2025 வரை பதினான்கு வருடத்தில் ஜூன் 12-லோ அதற்கு முன்போ திறந்தது ஐந்தே தடவை: 2020, 2021, 2022, 2023, 2025. இதில் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட ஜூனில் தண்ணீர் வரவில்லை. 2017-ல் அக்டோபர் 2. 2024-ல் ஜூலை 28. அதனால் ஜூனில் தொடங்கும் குறுகிய காலப் பயிரான குறுவைக்கு ஆற்றுத் தண்ணீர் சரியான தேதிக்கு வருவது என்பது மூன்று வருடத்துக்கு ஒரு தடவை நடக்கிற காரியம் என்றே வைத்துக் கணக்குப் போட வேண்டும். போன வருடம் வந்ததே என்று நினைத்துப் போட்டால் கணக்கு இடிக்கும்.

தண்ணீரே வராத வருடத்தில் குறுவை முழுவதையும் டீசலில் எடுக்க முடியுமா? முடியும், ஆனால் பாருங்கள். பயிருக்கு மொத்தம் 1,200 மில்லிமீட்டர் வரை தண்ணீர் வேண்டும். மழை 200 கொடுத்தது என்றால் மீதி 1,000. அது இருபது பாய்ச்சல், ஏக்கருக்கு 80 மணி நேரம். ஏக்கருக்கு 22 குவிண்டால் கண்டு, கொள்முதல் நிலையத்தில் 2,500 ரூபாய்க்குப் போட்டால் (2025-26-ல் பொது ரகத்துக்கு அதுதான், சன்னத்துக்கு 2,545) 55,000 வரும். உங்கள் 33,000 போக 22,000. அதில் வாடகை எஞ்சினுக்கு 80 மணி நேரத்துக்கு 20,000 போனால் கையில் நிற்பது 2,000 ரூபாய். நாலு மாத உழைப்புக்கு. சொந்த எஞ்சின் என்றால் டீசலும் பராமரிப்பும் 9,600, உங்கள் மூன்று ஏக்கருக்குப் பங்கு போட்ட தேய்மானமும் வட்டியும் 2,250, போக மிச்சம் 10,000 சொச்சம். அதுவும் விளைச்சல் 22 இருந்தால்தான், 18 ஆனால் காணாமல் போய்விடும்.

இதே குறுவை, பக்கத்து வயலில் இலவச மின்சாரம் உள்ளவருக்கு முழு 22,000-ஐயும் கிட்டத்தட்ட அப்படியே கொடுக்கிறது. தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984-லும் எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் மின்சாரம் இலவசமானது. இன்று 23 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன. ஒரே மண், ஒரே ரகம், ஒரே நாற்று, ஆனால் வரப்புக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குக் குறுவை ஒரு சூதாட்டம், அந்தப் பக்கம் இருப்பவருக்கு வருமானம். டெல்டாவில் யார் குறுவை போடுகிறார், யார் பின்னால் வரும் நீண்ட காலப் பயிரான சம்பாவோடு நிறுத்திக்கொள்கிறார் என்பதை ஊரைச் சுற்றி வந்து மின்கம்பியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அதற்காக டீசல் எஞ்சினே வீண் என்று சொல்ல வரவில்லை. பயிர் முழுவதற்கும் தண்ணீர் கொடுக்கிற வேலையை அதன் தலையில் கட்டினால்தான் நஷ்டம். இரண்டு இடத்தில் அது போட்ட காசைப் பல மடங்காகத் திருப்பிக் கொடுக்கும்.

ஒன்று நாற்றங்கால். மூன்று ஏக்கர் நடவுக்கு 24 சென்ட் நாற்றங்கால் போதும். அதற்கு ஒரு பாய்ச்சல் ஒரு மணி நேரம். ஜூன் முதல் வாரத்தில் விதை விட்டு 25 நாள் காப்பாற்ற மொத்தம் 15 மணி நேரம் ஓட்டினால் சரியாக இருக்கும். வாடகைக்கே எடுத்தாலும் 3,750 ரூபாய். ஆறு ஜூலையில் வந்தாலும் நாற்று தயாராக இருக்கும், வயலை உழுது சேறாக்க ஆற்றுத் தண்ணீர், மறுவாரம் நடவு. தண்ணீர் வந்த பிறகு விதை விடுகிறவர் 25 நாள் பின்னால் நிற்பார், அவருடைய அறுப்பு நேராக ஐப்பசி மழையில் போய் விழும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17-க்கு மேல் என்று நெல்லைத் திருப்பி அனுப்பும்போதுதான் அந்த 3,750-இன் மதிப்பு தெரியும்.

இரண்டாவது சம்பாவின் கடைசி. ஜனவரிக் கடைசியில் அணையை மூடிவிடுவார்கள். பின்சம்பாவும், குறுவை அறுத்த வயலில் நடுகிற தாளடியும் அப்போதுதான் கதிர் தள்ளி, பால் பிடித்துக்கொண்டிருக்கும். 2023-ல் ஜூன் 12-ல் திறந்துவிட்டு, தண்ணீர் போதாமல் அக்டோபரிலேயே மூடினார்கள், அந்த மாதிரி வருடத்தில் இன்னும் மோசம். பால் பிடிக்கிற பத்து நாளில் வயல் வெடித்தால் பாதிக்கதிர் பதராகும். அந்த நேரத்தில் ஏக்கருக்கு இரண்டு பாய்ச்சல், 8 மணி நேரம், வாடகையில் 2,000 ரூபாய். அது காப்பாற்றுவது ஐந்து குவிண்டால் என்று வைத்தாலே 12,500. வாடகை மணிக்கு 400 என்று கேட்டாலும் கொடுக்கலாம், தயங்காதீர்கள். உழவு, நடவு, உரம் எல்லாச் செலவும் ஏற்கெனவே மண்ணில் இறங்கிவிட்டது. இனிமேல் போடுகிற ஒவ்வொரு ரூபாயும் அதையெல்லாம் சேர்த்துக் காப்பாற்றுகிற ரூபாய். அதனால்தான் குறுவை முழுக்க ஓட்டுவதற்கு விலை அதிகமாகத் தெரிகிற அதே தண்ணீர், தை மாதத்தில் மலிவாகத் தெரிகிறது.

இதைக் கூட்டினால் நாற்றங்காலுக்கு 15, சம்பா முடிவுக்கு மூன்று ஏக்கருக்கும் சேர்த்து 24, ஆக 39 மணி நேரம். 52-க்குக் கீழே. கணக்குப்படி வாடகைதான்.

ஆனால் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது, வரிசை. உங்களுக்குத் தண்ணீர் வேண்டிய அதே வாரத்தில்தான் ஊரில் எல்லோருக்கும் வேண்டும். எங்கள் ஊரில் ஒரு தை மாதம் மூன்று வாடகை எஞ்சின்களுக்கு இருபது பேர் நின்றோம். எனக்கு ஆறாம் நாள் இரவு கிடைத்தது. மேட்டுப் பக்கம் இரண்டு மா அதற்குள் கதிர் வெளுத்துவிட்டது, அதற்கப்புறம் கட்டிய தண்ணீர் அங்கே வைக்கோலுக்குத்தான் ஆயிற்று. வாங்குவதற்கு உண்மையான காரணம் மணிக்கு 130 ரூபாய் மிச்சம் அல்ல, அந்த ஆறு நாள்தான். அதற்கு நீங்கள் எவ்வளவு விலை போடுவீர்கள் என்பது உங்கள் ஊரில் எத்தனை எஞ்சின் வாடகைக்கு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. எண்ணிப் பாருங்கள்.

நான் சொல்லும் வழி, ஒட்டிய வயல்காரர் ஒருவரோடு சேர்ந்து வாங்குவது. உங்கள் ஒன்பது மா, அவருடைய ஆறு மா என்றால் வருடத்துக்கு 65 மணி நேரம் ஆகிவிடும், 52-ஐத் தாண்டிவிட்டீர்கள். வாங்குகிற விலை பாதிப் பாதி. டீசல் அவரவர் ஊற்றிக்கொள்வது. ரிப்பேர் மட்டும் ஓடிய மணிக்கணக்கில் பிரிப்பது, அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டை எஞ்சின் கொட்டகையிலேயே தொங்கவிடுங்கள், ஏற்றிய நேரம் இறக்கிய நேரம் எழுதிவிட வேண்டும். நோட்டு இல்லாமல் ஆரம்பித்த இரண்டு பங்காளிகள் ஒரு ஃபுட்வால்வுக்காகப் பேச்சுவார்த்தையே நின்று போனதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வால்வின் விலை சில நூறு ரூபாய்.

தண்ணீரைப் பங்குக்கு விற்பது பற்றியும் ஒரு வார்த்தை. மின்சாரம் இல்லாதவர் இருப்பவரிடம் தண்ணீர் வாங்கி நெல்லாகக் கொடுப்பது பல ஊரில் உண்டு. வங்கதேசத்தில் போரோ என்கிற கோடை நெல்லுக்கு இதுவே பெரிய ஏற்பாடாக இருந்தது, ஆழமில்லாத குழாய்க்கிணறு வைத்திருப்பவர் விளைச்சலில் நாலில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். உங்கள் கணக்கில் அது ஐந்தரை குவிண்டால், 13,750 ரூபாய். சொந்த டீசலைவிட அதிகம், வாடகை டீசலைவிடக் குறைவு. ஆனால் பயிர் பொய்த்தால் அவரும் சேர்ந்து இழக்கிறார், வாடகைக்காரர் இழக்க மாட்டார். பக்கத்து மோட்டாரிலிருந்து ஓஸ் எட்டும் தூரம் என்றால், எஞ்சினைப் பற்றி யோசிக்கும் முன் அவரிடம் போய்ப் பேசிப் பாருங்கள்.

வாங்குவது என்று முடிவானால், எந்தக் கம்பெனி என்பதைவிட எப்படிப் பொருத்துகிறீர்கள் என்பதில்தான் டீசல் மிச்சமாகும். டெலிவரி பைப்பை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி, தண்ணீர் அருவி மாதிரி விழ விடுவது நம் பக்கத்துப் பழக்கம், பார்க்க அழகாக இருக்கும். மொத்த ஏற்றம் 10 மீட்டரில் 2 மீட்டர் அந்த அழகுக்குப் போனால் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. பைப்பை வாய்க்கால் மட்டத்துக்கு இறக்குங்கள். நொடிக்கு 14 லிட்டர் தண்ணீர் இரண்டரை அங்குலக் குழாயில் போனால் உரசலிலேயே சக்தி போய்விடும், நாலு அங்குலம் போடுங்கள், அந்தக் கூடுதல் செலவு சீக்கிரமே திரும்பிவிடும். அப்புறம் மண் வாய்க்கால். ஃபில்டர் பாயிண்டிலிருந்து வயல் நூறு மீட்டர் தள்ளி என்றால், சுருட்டி வைக்கிற ஓஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். காய்ந்த வாய்க்கால் முதல் அரை மணி நேரத் தண்ணீரைத் தானே குடித்துவிடும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெரியவர்கள் சொன்னதைக் காசுக் கணக்காகவும் பாருங்கள். நின்ற தண்ணீர் மறைந்த பிறகு அடுத்த பாய்ச்சல் கட்டினால் போதும், கதிர் வெளிவரும் சமயம் தவிர வயல் எப்போதும் குளமாக நிற்கத் தேவையில்லை. பக்கவாட்டில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் ஒரு சாண் புதைத்து உள்ளே எட்டிப் பாருங்கள், தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை பயிருக்கு ஒன்றும் ஆகாது. இருபது பாய்ச்சல் பதினாறு ஆனால், டீசல்காரருக்கு ஏக்கருக்கு 16 மணி நேரம், 1,920 ரூபாய். இலவச மின்சாரக்காரருக்கு இது பூஜ்யம், அதனால்தான் அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்லி என்ன, காசு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

நிலத்தடி நீர் மட்டத்தையும் கவனியுங்கள். மேலே உட்கார்ந்து உறிஞ்சுகிற பம்ப் எதுவானாலும் 22, 25 அடிக்கு மேல் தண்ணீரை இழுக்காது. அது கம்பெனியின் குறை இல்லை, காற்றழுத்தம் அவ்வளவுதான் தள்ளும். கோடையில் மட்டம் அதற்குக் கீழே போனால் சிலர் குழி வெட்டி எஞ்சினை உள்ளே இறக்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குழிக்குள் புகை தங்கி, எஞ்சினை நிறுத்த இறங்கியவர் மயங்கி உயிரே போன சம்பவங்கள் உண்டு. வாங்குவதற்கு முன் வைகாசியில் ஒரு நாள் கயிற்றில் கல்லைக் கட்டிக் குழாய்க்குள் விட்டு மட்டம் பாருங்கள். 25 அடிக்குக் கீழே என்றால் இந்த 45,000 உங்களுக்கு வேலை செய்யாது, நீர்மூழ்கி மோட்டாரும் மின்சாரமும்தான் வழி.

சோலார்: 5 எச்.பி.க்கு 4.8 கிலோவாட் பேனல் வரும். நல்ல வெயிலில் ஒரு நாளில் மூன்றரை லட்சம் லிட்டர் எடுக்கலாம், ஒன்றே முக்கால் ஏக்கர் பாய்ச்சல். குறுவை நாற்றங்காலும் நடவும் வெயில் காலத்தில் வருவதால் நெல்லுக்கு அது நன்றாகவே பொருந்தும். மழைக்காலத்தில் மேகம் மூடினால் பம்பும் தேவைப்படாது. 60 சதவீதம் மானியம் போக மீதியை நீங்கள் போட வேண்டும். வருடத்துக்கு 39 மணி நேரத்துக்கு அதைப் போடுவது வீண். வாழையோ காய்கறியோ ஒரு ஏக்கரில் வைத்து வருடம் முழுவதும் ஓட்டுவீர்கள் என்றால், அல்லது ஆற்றை நம்பாமல் ஒவ்வொரு வருடமும் குறுவை போடுவீர்கள் என்றால், மூன்று வழிகளிலும் இதுவே மேல். விண்ணப்பிக்கும் முன், நீங்கள் ஏற்கெனவே மின்சாரத்துக்கு எழுதிப் போட்டதன் வரிசை என்ன ஆகும் என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, தட்கல் திட்டம் திறக்கும்போது 5 எச்.பி.க்கு இரண்டரை லட்சம் கட்டி முன்னால் வாங்கியவர்கள் உண்டு. உங்கள் மூன்று ஏக்கரில் குறுவைக்கு டீசலைவிட அது மிச்சப்படுத்துவது வருடத்துக்கு 28,000-லிருந்து 30,000 வரை. வட்டி 10 சதவீதம் என்றால் 25,000 அதற்கே போய்விடும். மோட்டார் காயில் எரிந்தால் அதைக் கட்டுகிற செலவு தனி. ஆகவே கடன் வாங்கிப் போக வேண்டாம், வரிசையில் காத்திருங்கள்.

கடைசியாக, ஆற்றிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ ஐந்தாறு அடி மட்டும் ஏற்றுகிற வேலை உங்களுக்கு இருந்தால் கணக்கு அடியோடு மாறும். மேகாங் கழிமுகத்திலும் தாய்லாந்திலும் நீளமான குழாய்க்குள் விசிறி வைத்து, பவர் டில்லர் எஞ்சினை மாட்டி, வாய்க்கால் தண்ணீரை வயலுக்குத் தள்ளுகிறார்கள். குறைந்த உயரம், நிறையத் தண்ணீர். நம் மூன்று அங்குல பம்ப் உயரத்துக்குச் செய்தது. ஐந்தடி ஏற்றுவதற்கு அதே ஒரு லிட்டர் டீசலைக் குடித்துவிட்டு, தண்ணீரை மட்டும் கொஞ்சம்தான் கூட்டிக் கொடுக்கும். உங்கள் வயலின் தலைமடைக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓடுகிறதா, தை மாதத்தில் அதில் முழங்கால் அளவாவது தண்ணீர் நிற்குமா என்று சொல்லுங்கள். நின்றால் ஃபில்டர் பாயிண்டை விட்டுவிட்டு வேறு கணக்குப் போட வேண்டியிருக்கும்.